கவுளி உத்தரவு

பல்லியைப் பல்லி என்று சொல்லக் கூடாது, கவுளி என்றுதான் சொல்ல வேண்டும் என்று செருப்பைக் கழற்றும்போதே அப்பா சொல்லிவிட்டார். அது எங்கேயோ மதில்மேல் உட்கார்ந்துகொண்டு, தன்னை மட்டுமரியாதை இல்லாமல் பேசுகிறவர்கள் யார் யார் என்று குறித்துக்கொண்டிருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சரிங்கப்பா என்றாள் மௌனிகா. பேர்தான் மௌனிகா, தலைக்குள் ஒரு நிமிடம் மௌனம் கிடையாது. யாரோ மூடாமல் விட்டுப்போன குழாய் மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது செல்லாண்டியம்மனுக்கு எதிரே கல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இடப்பக்கம் அப்பா ஈஸ்வரமூர்த்தி, வலப்பக்கம் அம்மா வசந்தாமணி, பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி அவள். கண்ணை மூடிக் கும்பிட்டாகிவிட்டது, இனிக் கவுளி சொல்ல வேண்டியதுதான். கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் கொடுப்பதானாலும் அவர்கள் வகையறாவில் இப்படித்தான். அம்மன் முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். கவுளி சத்தம் கொடுத்தால் உத்தரவு, நடை சாத்தும்வரை சத்தமே இல்லையென்றால் வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்கள். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்விக்கு அது போதும். இவள் கேள்விக்குப் போதவில்லை. வடக்கே இருக்கிற பேர்போன நிர்வாகவியல் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகம் முழு உதவித்தொகை கொடுத்து மேல்படிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஒன்றுக்கு வருகிறேன் என்றும் இன்னொன்றுக்கு வரவில்லை என்றும் இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். அதனால் அப்பாவே ஒரு புது ஏற்பாடு செய்தார்: வலப்பக்கம் சொன்னால் பள்ளி, இடப்பக்கம் சொன்னால் வெளிநாடு. பூசாரி மாரப்பனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ரெண்டு கேள்வியை ஒண்ணா முடிஞ்சு கேக்கற வழக்கம் நம்ம கோயல்ல இல்லீங்களே என்று முனகினார், ஆனாலும் கற்பூரத்தைக் காட்டிவிட்டு வாசல் பக்கம் பூத்தொடுக்கப் போய்விட்டார். மௌனிகாவுக்கு இந்த ஏற்பாட்டிலேயே சந்தேகம் வந்துவிட்டது. பள்ளிக்கு எதற்கு வலம், வெளிநாட்டுக்கு எதற்கு இடம்? வலதுதான் நல்ல பக்கம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் அப்பாவுக்குப் பள்ளிதான் இஷ்டமா? இல்லை, பள்ளிதான் இஷ்டம் என்று இவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று அப்படிச் சொன்னாரா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

கல் தரை குளிர்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு. கால் மாற்றி உட்கார்ந்தால் பாவாடை ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய் வாசனையோடு செவ்வரளி மாலையின் வாசனையும், எங்கிருந்தோ வௌவால் புழுக்கை நாற்றமும். சுவரைப் பார்த்தாள். கவுளி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வீட்டுச் சமையலறையில் டியூப்லைட் பின்னால் நான்கைந்து கிடக்கும், வேண்டாத நேரத்திலெல்லாம் கத்தும், இங்கே கேட்டு வந்தால் காணோம். வேண்டி வந்தவளுக்கு வாயைத் திறக்காதாம். சும்மா கிடைப்பதற்கும் கேட்டுக் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைத்தாள், உடனே பெல்ஜியம் ஞாபகம் வந்தது, ஏனென்றால் அதுதான் சும்மா கிடைத்தது. படிப்புக்குப் பணம், தங்க இடம், போக விமானச்சீட்டு, குளிருக்கு உடுப்பு வாங்கக்கூட ஒரு தொகை. எந்த மடையன் கொடுப்பான் இதையெல்லாம்? தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவள் பல்லை மட்டுமா பார்த்தாள், குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கட்டடம் நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று வானத்திலிருந்து எடுத்த படத்தில் தேடினாள். இருந்தது, கூரைமேல் பனிகூட இருந்தது. போன வருஷம் அதே உதவித்தொகையில் போன டாக்கா பெண்ணைத் தேடிப் பிடித்து எழுதினாள். அவள் உடனே பதில் போட்டாள், தாராளமாக, வரிக்கு வரி சிரிப்புப் பொம்மை வைத்து. ஏன் இவ்வளவு சிரிக்கிறாள்? கமிஷன் ஏதாவது உண்டா? அதைவிடப் பெரிய முடிச்சு நவநீதன். அம்மாவின் அண்ணன் மகன், ஜெர்மனியில் வேலை, அவன்தான் அந்த உதவித்தொகை விவரத்தை அவளுக்கு அனுப்பியவன். முறைப்பையன் சும்மா அனுப்புவானா? வரைபடத்தில் ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் நடுவில் ஒரு கோடுதான். பெண்ணை முதலில் பக்கத்து நாட்டுக்கு வரவழைத்துவிட்டால் அப்புறம் மாமா பூவும் பழமுமாக வருவார், எல்லாம் பேசி முடித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று இவள் பல நாள் தூங்கவில்லை. கடைசியில் போன மாதம் நவநீதன் தன்னோடு வேலை பார்க்கிற கோட்டயத்துப் பெண்ணோடு நிச்சயம் செய்துகொண்டு படம் போட்டுவிட்டான். அத்தோடு அந்தச் சந்தேகம் செத்திருக்க வேண்டும். அவள் சந்தேகங்கள் அப்படிச் சாகிற ஜாதி இல்லை. மனசு உறுத்தித்தான் அனுப்பியிருக்கிறான், முறைப்பெண்ணை விட்டுவிட்டுப் போகிறோமே, இதையாவது கொடுத்துத் தொலைப்போம் என்று அனுப்பியிருக்கிறான் என்று அது வேறு வழியில் எழுந்து வந்தது.

அம்மா லேசாக இருமினாள். மௌனிகா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இருமல்தான். பள்ளிமேல் மட்டும் என்ன நம்பிக்கை இருந்தது அவளுக்கு? அவர்கள் வைத்த நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் சிரித்தார்கள். சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிற பெண் அதை விட்டு ஏன் வர வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்த பதில் இருந்தது, தலைமை, தொலைநோக்கு, தாக்கம் என்று மூன்று சொல் அதில் கட்டாயம் வர வேண்டும். மூன்றும் வந்தன. மூன்று பேரும் மறுபடி சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பா, பாவம் என்கிற சிரிப்பா? கிராமத்துப் பெண், பொறியியல் படித்தவள், சாயத்தண்ணீர். அவர்கள் விளம்பரப் புத்தகத்தின் அட்டைக்கு இப்படி ஒரு முகம் தேவைப்பட்டிருக்கும். பயிற்சி மையத்து ஸார் மட்டும் லேசுப்பட்ட ஆளா. இடம் கிடைத்த செய்தி வந்த மறுநாளே பஸ் நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார், அவள் முகத்தை ஏழு சுற்று வெளுத்து, உதட்டுக்குச் சாயம் போட்டு, முதல் முயற்சியிலேயே வெற்றி என்று. அது மூன்றாவது முயற்சி. இரண்டு தடவை மண்ணைக் கவ்வியது அவளுக்கும் அந்த மையத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்றால் பரவாயில்லை, ஊருக்கே தெரியும். இப்போது ஊர் அந்த ஃபிளெக்ஸின் அடியில் நின்றுதான் பஸ் ஏறுகிறது. அப்பாவுக்குக் குடோன் வேலைக்குப் போக வேறு ரோடு. அவர் இப்போதெல்லாம் மொபெட்டை அந்தப் பக்கமாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போகிறார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். பெட்ரோல் விற்கிற விலையில் இதென்ன சுற்று? பெருமையா? பெருமையென்றால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இல்லை, ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டார்களா என்று பார்க்கப் போகிறாரா? கழற்றிவிட்டால் பள்ளி வேண்டாம் என்று சொல்வது சுலபம் என்று பார்க்கிறாரா? அப்பாவைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தாள்.

ஏனென்றால் அப்பா சொன்ன வார்த்தை அப்படி. உனக்கு எது புடிக்குதோ அதுக்குப் போ சாமி என்றார். இருபத்து நான்கு வருஷத்தில் அவளுக்கு எது பிடிக்கும் என்று அவர் கேட்டதில்லை. தீபாவளிக்கு அவரே போய் ஒரே சுருளில் வெட்டின துணியாக வாங்கி வருவார், அம்மாவுக்கும் இவளுக்கும் ஜன்னல் திரைக்கும் அதுதான். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்ப்பதற்கே மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனுஷன். அவருக்கு எங்கிருந்து வந்தது இந்தப் புடிச்சதும் புடிக்காததும்? காரணம் இருக்கிறது, அவளுக்குத் தெரியும். பள்ளிக்குப் போவதென்றால் கட்டணத்துக்கு மேட்டுக்காட்டை பாங்கில் அடமானம் வைக்க வேண்டும். கையில் மிச்சமிருக்கிற நிலம் அந்த மேட்டுக்காடு ஒன்றுதான். ஆற்றோரத்துக் காடு ஆற்றில் சாயம் வந்த வருஷத்திலேயே போய்விட்டது. தென்னை ஒவ்வொன்றாகத் தலையை இழந்தது, கிணற்றுத் தண்ணீர் ஒரு நாள் ஊதாவாக வந்தது, மறுநாள் சிவப்பாக வந்தது. சின்னப் பெண்ணாக இருந்த மௌனிகா அதைப் பார்த்துக் கைதட்டினாள் என்று அம்மா இன்னும் சொல்லுவாள். அப்பா நூல் குடோனில் மேற்பார்வைக்குப் போனார். மகள் படித்து முடித்துச் சாயக்கழிவுத் தண்ணீர் சுத்தம் செய்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளிடம் பேசாமல் இருந்தார், கெடுத்தவங்ககிட்டயே போயிச் சம்பளம் வாங்கறா என்று அம்மாவிடம் சொன்னார். அப்புறம் ஒரு நாள் வாசலில் நின்றபடி, உங்க தண்ணி நெசமாலுமே வெளுத்து வருதா என்று கேட்டார். ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள். முகர்ந்து பார்த்தார். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அது சாகிறதா என்று தினமும் காலையில் போய் நின்று பார்த்தார். சாகவில்லை. அதற்கப்புறம் இவளோடு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார். அப்படிப்பட்டவர் கடைசிக் காட்டையும் கொண்டுபோய் வைக்கச் சம்மதிப்பாரா? மாட்டார். வெளிநாட்டுக்காரன் சும்மா கூப்பிடும்போது எந்தத் தகப்பன் காட்டை வைப்பான்? அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் புடிச்சதுக்குப் போ என்கிறார், கூடவே கவுளியைக் கூப்பிடுகிறார். கவுளி இடப்பக்கம் சொல்லிவிட்டால் அம்மன்மேல் பழியைப் போட்டுவிட்டுக் காட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் நேராகச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார், கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்தது. என்ன வேண்டுகிறார்? இடம் இடம் என்றா?

அம்மா சங்கதி வேறு. அம்மா வாயே திறக்கவில்லை, அதுதான் பயம். பருப்புப் பொடி அரைத்தாள், கொள்ளுப் பொடி அரைத்தாள், இடித்து வைத்த டப்பாக்களை வரிசையாக அடுக்கினாள், ஆனால் எங்கே போவதற்கு என்று சொல்லவில்லை. அங்க குளிருமா என்று ஒரு நாள் கேட்டாள். எங்கம்மா என்று இவள் கேட்டதற்கு, அங்கதான் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வடக்கேயும் குளிரும், பெல்ஜியத்திலும் குளிரும். பொடி டப்பா ரயிலுக்கும் போகும், விமானத்துக்கும் போகும். போன வாரம் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது: புள்ள கண்ணு முன்னால இருந்தாத்தான். அதற்குமேல் மிக்ஸி சத்தத்தில் கேட்கவில்லை. கண் முன்னால் இருந்தால்தான் என்ன? நிம்மதியா? கல்யாணம் ஆகுமா? வடக்கே என்றால் ஒரு ரயிலைப் பிடித்து வந்துவிடலாம், பண்டிகைக்கு வருவாள், ஜாதகம் பார்க்க வருகிறவர்களிடம் இங்கதானுங்க படிக்கறா என்று சொல்லிக்கொள்ளலாம். கடலுக்கு அப்பால் போனவளை யார் கேட்டு வருவார்கள்? ஆக அம்மாவுக்குப் பள்ளி, அப்பாவுக்கு வெளிநாடு. ஒருவருக்கு மகள் பக்கத்தில் வேண்டும், ஒருவருக்குக் காடு வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள், அம்மா வலப்பக்கம், அப்பா இடப்பக்கம். அட! இதை இத்தனை நேரம் எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சுரீர் என்றது. அவரவருக்கு வேண்டிய பக்கத்தில் அவரவர். நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினால் கவுளி சத்தம் எவனுக்கும் வரும். இருட்டுக் கோயிலில் யார் கண்டது? அவள் மெல்ல மெல்ல, கழுத்துச் சுளுக்கியவள் மாதிரி, ஒரு கண்ணால் அம்மாவின் வாயையும் மறு கண்ணால் அப்பாவின் வாயையும் காவல் காக்க ஆரம்பித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பெற்ற தாயின் வாய்க்குக் காவல் நிற்கிற மகளை அந்த அம்மன் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டாள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் மாரப்பன் யாரோடோ மழை பற்றிப் பேசினார். அம்மாவின் பைக்குள் மௌனிகாவின் போன் இரண்டு தடவை அதிர்ந்து அடங்கியது. பள்ளியாக இருக்கும், முடிவைச் சொல்லச் சொல்லி. அல்லது பெல்ஜியமாக இருக்கும், தப்பாக அனுப்பிவிட்டோம், நீங்கள் இல்லை வேறொரு மௌனிகா என்று. ஆமாம், அதுதான் கடைசியில் அடியில் கிடந்தது, மற்ற சந்தேகத்தையெல்லாம் அள்ளி எடுத்தபிறகு தெரிந்தது அதுதான். அவளுக்கு எதற்கு இதெல்லாம் கொடுக்கிறார்கள்? ஒன்று கிடைத்தபோது சந்தோஷப்பட்டாள், இரண்டாவதும் கிடைத்தபோது பயந்துவிட்டாள். ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒருத்தியை நல்லவள் என்றால் அதில் ஏதோ தப்பு இருக்க வேண்டும். யாராவது எதையாவது நீட்டினால் அவள் கை முன்னால் போகாது, கண் முன்னால் போகும், பின்னால் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்க. அந்தப் பெல்ஜியத்துக்காரியோடு கணினித் திரையில் பேசிய நாள் ஒன்றுதான் விதிவிலக்கு. வயசான பேராசிரியை, கழுத்தில் மப்ளர், பின்னால் அலமாரியில் தூசி. எந்த நிறத்தைத் தண்ணீரிலிருந்து எடுப்பது கஷ்டம் என்று கேட்டாள். டர்க்காய்ஸ் நீலம் என்றாள் இவள். ஏன் என்றாள் அவள். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த நீலம் எப்படிப் போவேனா என்று அடம்பிடிக்கும், எதைப் போட்டாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், ராத்திரி ஷிப்டில் அதை என்னவெல்லாம் செய்து பார்த்தோம் என்று மூச்சு விடாமல் பேசினாள். நடுவில் ஒரு தமிழ்ச் சொல்கூட வந்து விழுந்தது. அந்த அம்மாளுக்குப் புரிந்ததோ என்னவோ, காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். அத்தனை நேரமும் யாரையும் சந்தேகப்படவில்லை என்பது மடிக்கணினியை மூடினபிறகுதான் தெரிந்தது, தெரிந்ததும் அதையே சந்தேகப்பட்டாள், நம்மை நன்றாகப் பேசவைத்து ஏமாற்றிவிட்டாளோ என்று. அப்படியானால் பெல்ஜியம்தான் பிடிக்கிறதா? பிடிக்கிறது என்று சொல்ல உரிமை உண்டா? ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் அடியில் நிற்கும்போது, பேர்போன பள்ளி வேண்டாம், சாயத்தண்ணீர் போதும் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? பள்ளிக்குப் போகப் பயந்துவிட்டாள் என்று சொல்ல மாட்டார்களா? அது உண்மையாகவும் இருந்தால்? அவள் நிமிர்ந்து அம்மனைப் பார்த்தாள். இந்த அம்மன் யார் பக்கம்? அப்பாவின் குலத்துத் தெய்வம், பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவைத்துப் பழகின தெய்வம். போகிறவளுக்கு எங்கே போனால் நல்லது என்று இவளுக்கு என்ன அக்கறை? அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அவள் எதையும் கேட்கவே இல்லை. கண்ணை மூடினாள், கும்பிட்டாள், யார் யார் என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாயே, எனக்கு என்று ஆரம்பித்தாள். எனக்கு என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை.

கவுளி சொன்னது அப்போதுதான். அவர்களுக்கு வலப்பக்கம் இருந்த வடக்குச் சுவரில், உத்தரத்துக்குக் கீழே, மூன்று தடவை அழுத்தமாக. முதல் சத்தத்துக்கே அவள் கண் அம்மாவின் வாய்க்குப் பாய்ந்தது. அம்மாவின் வாய் மூடியிருந்தது, புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா இருந்ததோ அந்தப் பக்கமே இல்லை. சுவரைப் பார்த்தாள்; அங்கே அது இருந்தது, சாம்பல் நிறத்தில், வால் நுனி ஆடிக்கொண்டு, ஒரு சந்தேகத்துக்கும் இடம் வைக்காமல். அப்பா தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். முழங்கால் வலிக்கிற மனுஷன், கையை ஊன்றாமல் எழுந்தார். அவர் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை. ஆற்றில் சாயம் வருவதற்கு முந்தின முகமாக இருக்கும், அவளுக்கு அது ஞாபகம் இருக்க நியாயமில்லை. அவள் காதருகே குனிந்தார். "பள்ளிக்கொடமே சொல்லிருச்சு சாமி. எனக்குத் தெரியும். காட்டப் பத்தி நீ ஒண்ணும் நெனைக்காத, காடு கெடக்குது" என்றார். கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு மாரப்பனைக் கூப்பிட வாசலுக்குப் போனார். காடு கெடக்குது என்றா சொன்னார்? மௌனிகா அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பல்லைப் பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. அது வெறும் வார்த்தையாக, சொன்னபடியே இருந்தது.

அதற்குள் இந்தப் பக்கம் அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரமான கை. "போயிட்டு வா கண்ணு" என்றாள் அம்மா, மெதுவாக, அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "கடலத் தாண்டிப் போ. உங்கொப்பன் மொகம் வாடுனாலும் பாக்காத. நம்ம சனத்துல ஒருத்தி போவட்டும்." மௌனிகாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்பா பள்ளி என்கிறார், அம்மா கடல் என்கிறாள், கவுளி கத்தியது ஒரே சுவரில்தான். அப்புறம் விளங்கியது. அப்பா தன்னுடைய வலப்பக்கத்தை வைத்துச் சொன்னார். அம்மா பிறந்த ஊர்க் கோயிலில் வலமும் இடமும் சாமியைச் சேர்ந்தது, கும்பிடுகிறவர்களைச் சேர்ந்ததில்லை. எதிரே நம்மைப் பார்த்து இருக்கிற சாமிக்கு எது இடமோ அது நமக்கு வலம். ஆக அதே வடக்குச் சுவர் அப்பாவுக்குப் பள்ளியாகவும் அம்மாவுக்கு வெளிநாடாகவும் இருந்திருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது தெரியவந்ததே இல்லை, ஏனென்றால் இவர்கள் கேட்டதெல்லாம் உண்டா இல்லையா என்கிற கேள்விகள், கவுளி எந்தச் சுவரில் கத்தினால் என்ன. அப்பா கண்டுபிடித்த புது ஏற்பாட்டில்தான் இந்த ஓட்டை. மாரப்பன் முனகியது சரிதான். ஆனால் மௌனிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காட்டைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்த அப்பா, கவுளி காட்டை வைக்கச் சொல்லுகிறது என்று துள்ளி எழுந்திருக்கிறார். கண் முன்னால் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்த அம்மா கடலைத் தாண்டச் சொல்லுகிறது என்று கையைப் பிடிக்கிறாள். இத்தனை நாளும் அவள் கட்டிவைத்த கணக்கில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஒருவேளை பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கொன்றைச் சொல்லுகிறார்களோ என்று கடைசியாக ஒரு சந்தேகம் தலையை நீட்டிப் பார்த்தது. அதற்கே வெட்கமாகப் போய் உள்ளே போய்விட்டது. யாரும் அவளை எந்தப் பக்கமும் தள்ளவில்லை. அதை நினைத்தபோதுதான் நிஜமாகப் பயம் வந்தது. தள்ளுகிறவர்கள் யாராவது இருந்திருந்தால் அவர்கள் மேல் சாய்ந்துகொண்டாவது நின்றிருக்கலாம்.

மாரப்பன் தட்டோடு வந்தார். பின்னால் அப்பா. "சத்தம் எனக்கும் கேட்டுச்சுங்க. என்ன உத்தரவாச்சு?" என்றார் மாரப்பன். அப்பா வாயெடுத்தார், அதற்குள் அம்மா, புள்ளையே சொல்லட்டுமுங்க என்றாள். அப்பாவும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவருக்கு என்ன பதில் வரும் என்று தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான். பள்ளி என்று சொல்லலாம், அப்பா முகம் இப்படியே இருக்கும், ஃபிளெக்ஸ் நிற்கும், மூன்று பேர் சிரிப்பார்கள். கவுளியைக் கேட்டுச் சொல்லலாம் என்றால் அது போய்விட்டது, சுவர் வெறும் சுவராக இருந்தது. எதைப் போட்டாலும் போகாத அந்த நீலம் ஞாபகம் வந்தது.

"வெளிநாடுங்க" என்றாள். குரல் கோயிலுக்குள் பெரிதாகக் கேட்டது. தன் குரல்தானா என்று அவளே ஒரு தடவை நினைத்தாள்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. வடக்குச் சுவரைப் பார்த்தார், தன் வலக்கையைப் பார்த்தார், அப்புறம் மகளைப் பார்த்தார். மாரப்பன் அவர் பக்கம் திரும்பினார். வீட்டுப் பெரியவர் வாயால் ஒரு தடவை சொன்னால்தான் உத்தரவு செல்லும், இல்லையென்றால் இன்னொரு நாள் வந்து கேட்க வேண்டியதுதான், அவளுக்கோ இன்னொரு நாள் இல்லை. பங்காளித் தகராறில் இந்த அம்மன் முன்னால் சத்தியம் செய்யச் சொன்னபோது, சின்ன விஷயம் ஒன்றில் எனக்கு நிச்சயமில்லை என்று சொல்லி, சத்தியம் செய்யாமல் ஒரு வரப்பையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்த மனுஷன் அப்பா. இங்கே பொய் பேசினால் நாக்கு அழுகும் என்று மனசார நம்புகிறவர். அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை, அவள் அம்மனைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். இல்லீங்கப்பா, நீங்க சொன்னதுதான் சரி என்று சொல்லிவிடலாம் என்று மௌனிகா நினைத்தாள்.

"ஆமாங்" என்றார் அப்பா. "வெளிநாடுதானுங். நானும் கேட்டனுங்."

மாரப்பன் அவர் கையில் திருநீறு போட்டார். அதை நெற்றியில் பூசிக்கொண்டார். கண்ணை மூடி அவர் அம்மனிடம் ஏதோ சொல்லிக்கொண்டார், மன்னிப்பாக இருக்கும், வேறு ஏதாவதாகவும் இருக்கும். மௌனிகா அவர் உதட்டைப் பார்க்கவில்லை. அடுத்து தட்டு அவள் முன்னால் வந்தது. அவள் கையை நீட்டினாள்.